அட்மினுக்கே அனுமதி இல்லையா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோப்பு யாருடையது, அதை யார் தொடலாம், அட்மின் என்பவருக்கு என்ன அதிகாரம் என்ற மூன்றையும் சுற்றியே இருந்தன. எனவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். விண்டோஸ் முதலில், லினக்ஸ் அடுத்து. கட்டளைகளை ஒலிப்படி எழுதி, முதலில் வரும் இடத்தில் எழுத்துகளைப் பிரித்தும் தந்திருக்கிறோம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம். லினக்ஸில் அந்தப் பேதம் முக்கியம்.

கேள்வி: என் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என்றுதான் செட்டிங்ஸில் காட்டுகிறது. இந்தக் கம்ப்யூட்டரில் வேறு கணக்கே இல்லை. ஆனாலும் சில ஃபோல்டர்களைத் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வருகிறது. என்னைவிடப் பெரிய ஆள் உள்ளே யார்?

பதில்: விண்டோஸ் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு தகவல்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. உரிமையாளர் யார் என்பது ஒன்று. யார் யார் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியல் மற்றொன்று. பத்திரம் ஒருவர் பேரில் இருக்க, சாவி இன்னொருவர் கையில் இருக்கலாம் இல்லையா, அதுபோல. கோப்பைத் திறக்கும்போது விண்டோஸ் பார்ப்பது பட்டியலைத்தான். அதில் உங்கள் கணக்கோ, நீங்கள் உறுப்பினராக உள்ள குழுவோ இல்லையென்றால் திறக்காது. அட்மின் என்ற பட்டம் அங்கே தானாக வேலை செய்யாது.

அப்படியானால் அட்மினுக்கு என்ன தனி உரிமை? பட்டியலில் தன் பெயர் இல்லாத கோப்பையும் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுதான். உரிமையாளர் ஆனதும் அனுமதிப் பட்டியலைப் படிக்கவும் திருத்தவும் உரிமை தானாக வந்துவிடும். கோப்பின் உள்ளே இருப்பதைப் படிக்கும் உரிமை அப்போதும் வராது. அதைப் பட்டியலில் நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். உரிமை எடு, அனுமதி எழுது, பிறகு திற. முதல் படியோடு நின்றுவிட்டு, 'ஓனரை மாற்றியும் திறக்கவில்லை' என்று எழுதுபவர்கள் நிறைய.

இதற்கு மேல் யூஏசி (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) என்று ஒன்று. 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்து, அட்மின் கணக்கில் நுழைந்தாலும் விண்டோஸ் உங்களுக்காக இரண்டு டோக்கன்களை, அதாவது அதிகாரச் சீட்டுகளை, தயாரிக்கிறது. ஒன்றில் முழு அதிகாரம். மற்றொன்றில் வடிகட்டிய அதிகாரம். எக்ஸ்புளோரர், பிரவுசர் போன்றவை ஓடுவது இரண்டாவதில். அந்த டோக்கனில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' குழுவின் உறுப்பினர் என்ற தகுதி மறுப்பதற்கு மட்டுமே கணக்கில் வரும், அனுமதிக்க வராது. அதனால்தான் பட்டியலில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், முழு அனுமதி' என்று தெளிவாக இருந்தும் உங்களுக்குத் திறக்காமல் போகிறது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கும் நிரலுக்கு மட்டுமே முழு டோக்கன் கிடைக்கும்.

எக்ஸ்புளோரர் காட்டும் 'கன்டினியூ' பொத்தானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது இந்த ஒருமுறைக்கான அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தினால் அந்த ஃபோல்டரின் பட்டியலில் உங்கள் கணக்கு நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். பின்னால் உங்களை அட்மின் குழுவிலிருந்து நீக்கினாலும் அந்த வரி போகாது. இன்னொருவர் கணக்கின் ஃபோல்டரை ஒருமுறை பார்த்தால் போதும் என்றால், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் பாருங்கள், பட்டியல் மாறாது.

கேள்வி: பழுதான கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, புதியதில் யூஎஸ்பி வழியாக இணைத்தேன். என் பெயருள்ள ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. இரண்டிலும் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றுதான். பிறகு ஏன்?

பதில்: பெயரை விண்டோஸ் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. டிஸ்க்கில் எழுதப்பட்டிருப்பது எஸ்ஐடி என்ற எண். சாதாரணக் கணக்குகளுக்கு அது எஸ்-1-5-21 என்று தொடங்கும். பிறகு அந்த விண்டோஸ் நிறுவலுக்கே உரிய மூன்று நீண்ட எண்கள், கடைசியில் கணக்கின் எண். விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு அந்தக் கடைசி எண் 500. நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு 1000 முதல். புதிய கம்ப்யூட்டரில் நடு எண்கள் வேறு என்பதால் ஆள் வேறு. செக்யூரிட்டி பட்டியலில் 'அக்கவுன்ட் அன்னோன்' என்ற வார்த்தையோடு நீண்ட எண் தெரிந்தால் அது பழைய நீங்கள்தான். விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினாலும் இதே கதை.

திறக்கும் வழி: ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப், அட்வான்ஸ்ட். மேலே 'ஓனர்' வரியில் 'சேஞ்ச்' என்பதை அழுத்தி, உங்கள் கணக்கின் பெயரை எழுதி, 'செக் நேம்ஸ்' கொடுங்கள். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரியான கணக்கு. ஓகே கொடுத்ததும் உள்ளிருக்கும் ஃபோல்டர்களுக்கும் உரிமையாளரை மாற்றும் பெட்டி தோன்றும். அதை டிக் செய்து அப்ளை. இப்போது எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டு, பிராப்பர்ட்டீஸை மறுபடி திறங்கள். மூடாமல் தொடர்ந்தால் பழைய நிலையே தெரிந்து குழப்பும். மீண்டும் அட்வான்ஸ்ட், 'ஆட்', 'செலக்ட் எ பிரின்சிபல்', உங்கள் பெயர், 'ஃபுல் கன்ட்ரோல்', ஓகே. கோப்புகளை வெளியே நகலெடுக்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் 'ரீட் அண்ட் எக்ஸிக்யூட்' போதும்.

ஆயிரக்கணக்கில் கோப்புகள் என்றால் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் மேல். முதலில் டேக்ஓன், டி-ஏ-கே-இ-ஓ-டபிள்யூ-என். அதோடு /எஃப் போட்டு ஃபோல்டரின் முழுப் பாதையை மேற்கோள்குறிக்குள் கொடுங்கள். உள்ளே எல்லாவற்றுக்கும் போக /ஆர். இடையில் கேட்கும் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் சொல்ல /டி (D) ஒய். ஆங்கிலம் அல்லாத மொழியில் இயங்கும் விண்டோஸில் அந்த 'ஒய்' வேறு எழுத்தாக இருக்கலாம். /ஏ சேர்த்தால் உரிமை உங்கள் கணக்குக்குப் பதில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குப் போகும். அடுத்து ஐகேக்ல்ஸ், ஐ-சி-ஏ-சி-எல்-எஸ். அதே பாதை, பிறகு /கிரான்ட், கணக்கின் பெயர், முக்காற்புள்ளி, எஃப். கடைசியில் உள்ளே போக /டி (T), பிழை வந்தாலும் நிற்காமல் ஓட /சி.

ஒவ்வொரு கோப்பின் பட்டியலையும் திருத்தி எழுதுவதால் நேரம் பிடிக்கும். பாதியில் யூஎஸ்பியை உருவினால் பாதிக் கோப்புகளுக்குப் புதிய அனுமதி, பாதிக்குப் பழையது என்று நிற்கும். கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால் இதைப் பழைய டிஸ்க்கின் பயனர் ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் சி டிரைவின் வேரில் செய்தால் அதன் அனுமதிகளைப் பழையபடி கொண்டுவர எளிய வழி இல்லை.

கோப்பின் மேல் சிறு பூட்டுப் படம் தெரிந்தால் விஷயம் வேறு. அது இஎஃப்எஸ் குறியாக்கம். உரிமையாளரை மாற்றினாலும், முழு அனுமதி கொடுத்தாலும், பழைய கணக்கின் சான்றிதழும் தனிச்சாவியும் இல்லாமல் அது திறக்காது.

கேள்வி: சிஸ்டம் கோப்புகளின் உரிமையாளர் 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்று இருக்கிறது. வைரஸா?

பதில்: இல்லை. விண்டோஸ் அப்டேட்களை நிறுவும் சேவை அது. விஸ்டாவிலிருந்து முக்கியமான சிஸ்டம் கோப்புகள் அதன் பேரில் இருக்கின்றன. அட்மின்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டுமே அனுமதி. அட்மின் அனுமதியோடு ஓடும் ஒரு கெட்ட நிரல் அவற்றைக் கைதவறி மாற்றிவிடுவதைத் தடுக்கும் வேலி. உரிமையை எடுத்துக்கொள்ளத் தெரிந்த நிரலை இது நிறுத்தாது, நேரத்தை இழுக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே உரிமையை மாற்றிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓனர் பெட்டியில் என்டி சர்வீஸ், பின்சாய்கோடு, டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்று முழுப்பெயரையும் கையால் எழுத வேண்டும். 'என்டி' யும் 'சர்வீஸ்' உம் இடைவெளியோடு; டிரஸ்டட்இன்ஸ்டாலர் சேர்த்து ஒரே சொல். முன்னொட்டு இல்லாமல் எழுதினால் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று சொல்லும்.

கேள்வி: பிறர் பார்க்கக் கூடாது என்று ஒரு ஃபோல்டரில் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு எல்லாவற்றையும் 'டினை' செய்தேன். இப்போது எனக்கே திறக்கவில்லை.

பதில்: எவ்ரிஒன் என்பதில் நீங்களும் சேர்த்தி. நல்ல வேளை, நீங்கள் உரிமையாளர். டினை என்று எழுதியிருந்தாலும் பட்டியலைத் திருத்தும் உரிமை உரிமையாளரிடமிருந்து போகாது. செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் போய் அந்த வரியை நீக்குங்கள்.

ஒருவரைத் தடுக்க டினை தேவையே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலே அவருக்கு அனுமதி கிடையாது. 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுத்து, மேல் ஃபோல்டரிலிருந்து வந்த வரிகளை இந்த ஃபோல்டரின் சொந்த வரிகளாக மாற்றிக்கொண்டு, வேண்டாத குழுவை எடுத்துவிடுங்கள். சிஸ்டம் என்ற வரியை மட்டும் விட்டுவையுங்கள். 'டினை எப்போதும் வெல்லும்' என்று சொல்வதும் பாதிதான் உண்மை. விண்டோஸ் படிக்கும் வரிசை: இந்தக் கோப்பிலேயே எழுதிய டினை, இதிலேயே எழுதிய அலவ், மேலிருந்து வந்த டினை, மேலிருந்து வந்த அலவ். ஆகவே கோப்பில் நேரடியாக எழுதிய அலவ், மேலிருந்து வந்த டினையை முந்திவிடும். சந்தேகம் இருந்தால் அட்வான்ஸ்ட் சன்னலில் உள்ள 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' டேபில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸே கூட்டிக் கழித்துச் சொல்லும்.

கேள்வி: லினக்ஸில் அனுமதிப் பிரச்சினை எது வந்தாலும் 777 கொடு என்கிறார்கள். கொடுத்தால் உண்மையிலேயே சரியாகிவிடுகிறது. பிறகு ஏன் கூடாது என்றும் சொல்கிறார்கள்? 755, 644 என்பவை எப்படி வருகின்றன?

பதில்: லினக்ஸில் ஒவ்வொரு கோப்பும் ஒரு உரிமையாளர் எண்ணையும் ஒரு குழு எண்ணையும் சுமக்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டின் எண் 0. பெரும்பாலான லினக்ஸ்களில் முதல் சாதாரணப் பயனருக்கு 1000. அனுமதி மூன்று இலக்கம்: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிப் போடுவதுதான். 644 என்றால் உரிமையாளர் படித்து எழுதலாம், மற்ற இரு தரப்பும் படிக்கலாம். 755-இல் உரிமையாளருக்கு மூன்றும், மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும்.

லினக்ஸ் இவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் உரிமையாளர் என்றால் முதல் இலக்கம் மட்டும். இல்லை, குழுவில் இருந்தால் இரண்டாவது மட்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்றாவது. 077 என்று வைத்த கோப்பை ஊரே படிக்கும், உரிமையாளருக்கு மட்டும் திறக்காது.

ஃபோல்டருக்கு இதே எண்களின் பொருள் வேறு. தவறுகளில் பாதி இங்கேதான். ஃபோல்டரில் 4 இருந்தால் உள்ளே உள்ள பெயர்களைப் பட்டியலிடலாம். 1 இருந்தால் அதன் வழியாக உள்ளே நுழையலாம். 2-உம் 1-உம் சேர்ந்திருந்தால் உள்ளே கோப்பை உருவாக்கலாம், அழிக்கலாம். அழிக்கும் உரிமை கோப்பின் எண்ணில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரின் எண்ணில் இருக்கிறது. கோப்புக்கு 444 கொடுத்துப் பாதுகாத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ள எவரும் அதை அழித்துவிட்டுப் போகலாம். எல்லோரும் எழுதும் டிஎம்பி ஃபோல்டருக்கு 1777 என்று முன்னால் ஒரு 1 இருப்பது இதற்காகத்தான். ஸ்டிக்கி பிட் என்று பெயர். கோப்பின் உரிமையாளர், ஃபோல்டரின் உரிமையாளர், ரூட் ஆகிய மூவர் மட்டுமே அங்கே அழிக்கலாம்.

இனி 777. நோய் எதுவென்று பார்க்காமல் எல்லா மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது அது. வெப் சர்வரில் 777 ஃபோல்டர் இருந்தால், சர்வரில் ஓடும் எந்த நிரலும் அதில் தன் கோப்பை எழுதிவைக்கலாம். உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கோப்பு வேறு கணக்கின் பேரில் இருக்கும், அல்லது பாதையில் மேலே ஏதோ ஒரு ஃபோல்டரில் நுழைய 1 இருக்காது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க நேம்ஐ, என்-ஏ-எம்-இ-ஐ, அதோடு -எல், பிறகு முழுப் பாதை. வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாக வரும். அடைப்பு எங்கே என்று ஒரே பார்வையில் தெரியும். 2021-இல் வந்த உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 என்று உருவாவதால், ஹோமுக்குள் தளத்தை வைத்துவிட்டு 'நேற்றுவரை பழைய மெஷினில் ஓடியதே' என்று கேட்பவர்களுக்கு விடை இதிலேயே கிடைக்கும்.

ஒரு ஃபோல்டர் முழுவதையும் திருத்த வேண்டுமானால், அனுமதி எண்ணை மாற்றும் கட்டளை சிஎச்மாட், சி-எச்-எம்-ஓ-டி, அதில் 755 என்று மொத்தமாகக் கொடுக்காதீர்கள். சாதாரணப் படங்களும் உரைக்கோப்புகளும்கூட இயக்கக் கூடியவை ஆகிவிடும். எழுத்து வடிவில் பெரிய எக்ஸ் பயன்படுத்துங்கள். அது ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டுமே 1-ஐச் சேர்க்கும்.

கேள்வி: வேர் ஃபோல்டரிலேயே, உள்ளே எல்லாவற்றுக்கும் போகும் பெரிய -ஆர் சேர்த்து, சிஎச்மாட் 777 கொடுத்துவிட்டேன். ரூட் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சூடோ வேலை செய்யவில்லை. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் போச்சு. மீட்க முடியுமா?

பதில்: என்ன நடந்தது என்று முதலில். சூடோ நிரலின் அனுமதி 4755. முன்னால் உள்ள 4, செட்யூஐடி. யார் இயக்கினாலும் நிரல் அதன் உரிமையாளரான ரூட்டின் பேரில் ஓடும் என்று பொருள். டென்னிஸ் ரிச்சி பெல் லேப்ஸில் இருந்தபோது உருவாக்கிக் காப்புரிமையும் பெற்ற யோசனை அது. 777 என்று எழுதியதும் அந்த 4 அழிந்துவிட்டது. சூடோ, எஸ்யூ, பாஸ்வேர்ட் மாற்றும் நிரல் எல்லாம் ஒரே நேரத்தில் பல்லிழந்த கதை இதுதான். எஸ்எஸ்எச்சோ, தனிச்சாவிக் கோப்பைப் பிறர் படிக்க முடிந்தால் பயன்படுத்த மறுத்துவிடும்.

கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, ரெகவரி மோடில் ரூட் ஷெல்லுக்கு, அதாவது ரூட் பேரில் கட்டளை தட்டச்சு செய்யும் இடத்துக்கு, போங்கள். டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால் எழுதும் நிலைக்கு மறுபடி மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணைத்துக்கொள்ளுங்கள். சூடோ நிரலுக்கு 4755, யார் சூடோ கொடுக்கலாம் என்று எழுதியிருக்கும் சூடோயர்ஸ் கோப்புக்கு 440, டிஎம்பி ஃபோல்டருக்கு 1777, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, தனிச்சாவிக்கு 600. இவ்வளவில் உள்ளே நுழைய முடியும். ஃபெடோரா வகை என்றால் ஆர்பிஎம் கட்டளையில் எல்லாத் தொகுப்புகளுக்கும் முதலில் --செட்யூஜிஐடிஎஸ், பிறகு --செட்பெர்ம்ஸ். வரிசையை மாற்றாதீர்கள்: உரிமையாளரை மாற்றும்போது செட்யூஐடி 4 மறுபடி அழியும். டெபியன், உபுண்டுவில் அப்படி ஒரே கட்டளை இல்லை. தொகுப்புகளை மறுபடி நிறுவித்தான் எடுக்க வேண்டும். எங்கள் கருத்தைக் கேட்டால், உள்ளே நுழைந்து உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே மேல். எந்தச் சேவையின் எந்தக் கோப்பு இன்னும் திறந்து கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

கேள்வி: என் ஹோம் ஃபோல்டரில் சில கோப்புகள் ரூட் பேரில் இருக்கின்றன. நேற்றிலிருந்து லாகின் திரையில் பாஸ்வேர்ட் கொடுத்தால் ஒரு நொடி கறுத்து, மறுபடி அதே திரை வருகிறது.

பதில்: சூடோ கொடுத்து ஒரு சன்னல் நிரலையோ, பேக்கேஜ் நிறுவும் கருவியையோ இயக்கியிருப்பீர்கள். ரூட் பேரில் ஓடும் நிரல் உருவாக்கும் கோப்பு ரூட் பேரில்தான் பிறக்கும், உங்கள் ஹோமுக்குள் இருந்தாலும். அப்படி மாறியது எக்ஸ்அதாரிட்டி என்ற மறைகோப்பு என்றால், எக்ஸ் வகை டெஸ்க்டாப் அதில் எழுத முடியாமல் உங்களை வெளியே தள்ளும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே நுழைந்து, ஹோமுக்குள் ஃபைண்ட் கட்டளையில் -யூசர் ரூட் என்று கொடுத்து எந்தெந்தக் கோப்புகள் என்று பாருங்கள். பிறகு உரிமையாளரை மாற்ற, சூடோ சிஎச்ஓன், சி-எச்-ஓ-டபிள்யூ-என், உங்கள் பெயர், முக்காற்புள்ளி, கோப்பின் பெயர். முக்காற்புள்ளிக்குப் பின் ஒன்றும் எழுதாவிட்டால் உங்கள் முதன்மைக் குழுவையே அது எடுத்துக்கொள்ளும். ஹோம் முழுவதற்கும் பெரிய -ஆர் கொடுக்கலாம்தான். உள்ளே டாக்கர் போன்றவை வேண்டுமென்றே வேறு எண்ணில் வைத்திருக்கும் தரவு இருந்தால் கெட்டுவிடும். மறைகோப்புகளைப் பிடிக்கப் புள்ளி-நட்சத்திரம் போடுவதும் வேண்டாம். பழைய ஷெல்களில் அது இரட்டைப் புள்ளியையும், அதாவது மேல் ஃபோல்டரையும் பிடித்து, மற்றவர்களின் ஹோமையும் உங்கள் பேருக்கு எழுதிவிடும்.

கேள்வி: யூசர்மாட் கட்டளை கொண்டு என்னை ஒரு குழுவில் சேர்த்தேன். அதன் பிறகு 'நீங்கள் சூடோயர்ஸில் இல்லை' என்கிறது.

பதில்: சின்ன -ஏ விடுபட்டிருக்கிறது. பெரிய -ஜி மட்டும் கொடுத்தால், 'இவர் இந்தக் குழுவில் மட்டும் இருக்கட்டும்' என்று பொருள். மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து, சூடோ குழுவிலிருந்தும், உங்களை எடுத்துவிடும். ரெகவரி மோடில் போய் -ஏ, பெரிய -ஜி இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சூடோ குழுவில் மறுபடி சேருங்கள். ஃபெடோராவில் அந்தக் குழுவின் பெயர் வீல். குழு மாற்றம் லாகின் செய்யும்போதுதான் கணக்கில் வரும், எனவே வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

கேள்வி: ஒரே கம்ப்யூட்டரில் இருவர் ஒரு ஃபோல்டரைப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் உருவாக்குவதை மற்றவர் திருத்த முடியவில்லை.

பதில்: ஹோமுக்கு வெளியே, எஸ்ஆர்வி-க்குள் ஃபோல்டரை வையுங்கள். ஒரு குழுவை உருவாக்கி இருவரையும் சேருங்கள். ஃபோல்டரின் குழுவை அதற்கு மாற்றி, 2770 கொடுங்கள். முன்னால் உள்ள 2, செட்ஜிஐடி. உள்ளே புதிதாகப் பிறக்கும் எதற்கும் ஃபோல்டரின் குழுவே வரும். பலர் இதோடு நிறுத்திவிட்டு ஏமாறுகிறார்கள். பொதுவாக இருக்கும் யூமாஸ்க் 022, புதிய கோப்பில் குழுவின் எழுதும் அனுமதியைக் கழித்துவிடுகிறது. இருவரின் யூமாஸ்க்கையும் 002 ஆக்கலாம். அதைவிட நல்லது, செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் -டி (d) கொடுத்து, குழுவுக்கு மூன்று அனுமதியும் என்ற இயல்புப் பட்டியலை அந்த ஃபோல்டரிலேயே எழுதிவிடுவது. அப்போது மற்ற இடங்களின் யூமாஸ்க் தொடப்படுவதில்லை. நகலெடுத்து வைக்கும் கோப்பு இந்தக் குழுவை ஏற்கும். வேறிடத்திலிருந்து நகர்த்திய கோப்பு பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும் வந்து சேரும். விண்டோஸிலும் ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் இப்படித்தான்.

கேள்வி: பென் டிரைவில் சிஎச்ஓன் கொடுத்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்கிறது, சூடோ கொடுத்தும்கூட.

பதில்: ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் உரிமையாளர் எண்ணை எழுத இடமே கிடையாது. திரையில் தெரியும் உரிமையாளர், மவுன்ட் செய்யும்போது லினக்ஸ் எல்லாக் கோப்புக்கும் ஒட்டும் ஒரே சீட்டு. மவுன்ட் செய்யும்போதே யூஐடி=1000, ஜிஐடி=1000, யூமாஸ்க்=022 என்று கொடுப்பதே வழி.

கேள்வி: ரூட் எதையும் செய்யலாம் என்கிறீர்கள். எனக்கு ரூட்டிலும் ஒரு கோப்பு அழிய மறுக்கிறது.

பதில்: பிழைச்செய்தியின் சொற்களைக் கவனியுங்கள், காரணம் அதிலேயே இருக்கும். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றால் டிஸ்க்கே படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. டிஸ்க்கில் பிழை கண்டு லினக்ஸ் தானே அப்படி மாற்றியிருக்கலாம், முதலில் நகலெடுத்துவிடுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்பது எண்கள் போதவில்லை என்பது. ரூட்டுக்கு அது வந்தால் எஸ்ஈலினக்ஸ் போன்ற கூடுதல் காவலையோ, நெட்வொர்க் ஃபோல்டரையோ சந்தேகியுங்கள். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் எல்எஸ்அட்டர், எல்-எஸ்-ஏ-டி-டி-ஆர், கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் சின்ன ஐ தெரிந்தால் கோப்பு மாற்ற முடியாதது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சிஎச்அட்டர் -ஐ கொடுத்து எடுத்தபின் அழியும். மேக்கில் என்றால், 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் முதல் சிஸ்டம் ஃபோல்டர்களை ரூட்டாலும் தொட முடியாது. எஸ்ஐபி என்ற அந்தப் பாதுகாப்பை ரெகவரியில் போய்த்தான் நிறுத்த முடியும். நிறுத்தச் சொல்லும் நிரல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: சூடோ எக்கோ கொடுத்து, வலப்பக்க அம்புக்குறி போட்டு ஈடிசி ஃபோல்டரில் உள்ள கோப்பில் ஒரு வரி எழுத முயன்றேன். சூடோ கொடுத்தும் 'பெர்மிஷன் டினைட்'.

பதில்: அம்புக்குறியைச் செயல்படுத்துவது சூடோ இல்லை, உங்கள் ஷெல். எக்கோ மட்டும் ரூட் பேரில் ஓடும். கோப்பைத் திறக்க முயல்வது சாதாரண நீங்கள். எக்கோவைச் சூடோ இல்லாமல் கொடுத்து, குழாய்க்குறி வழியாகச் சூடோ டீ, டி-இ-இ, அதற்கு அனுப்புங்கள். டீ-க்கு -ஏ கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் கோப்பில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் போய் உங்கள் ஒரு வரி மட்டும் மிஞ்சும்.